கடன் வாங்கினது யாரோ, போன் வர்றது நமக்கு

போன இதழ்ல சிபில் ஸ்கோர் பத்தின பதில்ல கடைசியா ஒரு வரி சேர்த்திருந்தேன், வேற யாரோட கடனுக்காவது உங்களுக்கு போன் வந்தா எழுதுங்கன்னு. எழுதித் தள்ளிட்டீங்க. எல்லாத்துக்கும் தனித்தனியா பதில் போட இடம் பத்தாது, அதனால ஒரே மாதிரி இருக்குறதை எல்லாம் சேர்த்து சில கடிதத்தை மட்டும் எடுத்திருக்கேன். பேர் போட வேண்டாம்னு பாதிப்பேர் கேட்டதால யார் பேரும் போடல.

சார், போன வருஷம் தீபாவளி கழிச்சு புது சிம் வாங்கினேன். வாங்கின பத்து நாள்ல இருந்து "கார்த்திக் இருக்காரா, இ.எம்.ஐ. எப்ப கட்டுவாரு"ன்னு போன். பனியன் கம்பெனில செக்கிங் வேலை எனக்கு, டேபிள்ல நிக்கும்போதே நாலு தடவை அடிக்குது, சூப்பர்வைசர் முறைக்கிறார். ராங் நம்பர்னு சொன்னா "எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க, நீ அவன் பொண்டாட்டி தானே"ன்னு கேக்குறான். பிளாக் பண்ணினா வேற நம்பர்ல வர்றான். எங்க வீட்டுக்காரரே ஒரு நாள் யாரு அந்த கார்த்திக்னு கேட்டுட்டார். நம்பரை மாத்திடலாமான்னு இருக்கு, ஆனா கேஸ் சிலிண்டர், பேங்க், பையன் ஸ்கூல் எல்லாத்துக்கும் இதைத்தான் குடுத்திருக்கேன். – வாசகி, திருப்பூர்

முதல்ல உங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கத்தை படிக்க குடுங்கம்மா, அவர் கேள்விக்கான பதில் இதுல தான் இருக்கு. அந்த கார்த்திக் உங்க நம்பரோட பழைய சொந்தக்காரர். நம்ம நாட்டுல ஒருத்தர் விட்டுட்டுப் போன மொபைல் நம்பரை கம்பெனிங்க வீணாக்குறதில்ல, குறைஞ்சது 90 நாள் சும்மா போட்டு வச்சுட்டு அப்புறம் வேற ஆளுக்கு குடுத்துடுவாங்க. நீங்க வாங்கினது புது சிம், ஆனா நம்பர் பழசு. அவர் லோன் வாங்கும்போது ஃபார்ம்ல எழுதின நம்பர் இன்னைக்கு வரைக்கும் அந்த கம்பெனி கம்ப்யூட்டர்ல அப்படியே கிடக்கு.

அப்ப ராங் நம்பர்னு சொன்னா ஏன் நம்ப மாட்டேங்குறான்? நான் பேங்க்ல இருந்த காலத்துல வசூல் செக்ஷன்காரங்க பக்கத்துலயே உக்காந்து பார்த்திருக்கேன், நிஜமாவே கடன் வாங்கினவங்கள்ல நிறைய பேர் முதல்ல சொல்றதே ராங் நம்பர்னு தான். அதனால அவன் காதுக்கு நீங்க சொல்ற உண்மையும் இன்னொருத்தர் சொல்ற பொய்யும் ஒண்ணு தான். அதோட போன் பண்றவன் பேங்க் ஆளும் இல்ல, ஏஜென்ஸி ஆளு. தவணை தவறின கணக்கை எல்லாம் எத்தனை நாள் தவறிச்சுன்னு பிரிச்சு பக்கெட் பக்கெட்டா ஏஜென்ஸிக்கு தள்ளுவாங்க, இந்த ஏஜென்ஸியால முடியலைன்னா லிஸ்ட் அடுத்த ஏஜென்ஸிக்கு போயிடும், அங்க புதுசா ஒருத்தன் காலைல சீட்ல உக்காந்து முதல் வரில இருந்து டயல் பண்ண ஆரம்பிப்பான், அவனுக்கு நீங்க முன்னாடி கத்தினது, அழுதது, கெஞ்சினது எதுவும் தெரியாது. அதனால தான் சொல்றேன், போன்ல சண்டை போடுறது வேலைக்கு ஆகாது. உங்க நம்பரை எடுக்குற அதிகாரம் கடன் குடுத்த கம்பெனிகிட்ட தான் இருக்கு, நீங்க எழுத வேண்டியது அவங்களுக்கு.

எழுதணும்னா முதல்ல அது எந்த கம்பெனின்னு தெரியணும். அடுத்த தடவை போன் வந்தா கோவப்படாம, "எந்த பேங்க்ல இருந்து, எந்த ஏஜென்ஸி, உங்க பேர் என்ன"ன்னு மூணு கேள்வி மட்டும் கேளுங்க. லோன் டிபார்ட்மெண்ட்னு மழுப்புவான், விடாதீங்க, பேங்க் பேர் சொன்னாத்தான் பேசுவேன்னு சொல்லிடுங்க. அவன் திருப்பி உங்க பேர் என்ன, எந்த ஊரு, கார்த்திக் உங்களுக்கு என்ன வேணும்னு கேப்பான், ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க பேரை சொன்னீங்கன்னா அது அந்தக் கணக்குல உறவுக்காரர்னு ஏறிடும், நாளைக்கு வேற ஒருத்தன் உங்க பேரை சொல்லியே கூப்பிடுவான். வெரிஃபிகேஷனுக்கு ஆதார் அனுப்புங்கன்னு கேட்டா கண்டிப்பா அனுப்பக் கூடாது. லிங்க் வந்தா தொடக் கூடாது. "ஒரு ஐநூறு ரூபாய் போட்டு விட்டுடுங்க, இந்த மாசம் தொல்லை இருக்காது"ன்னு கூட பேசுவானுங்க, போட்டா அடுத்த மாசம் உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவான்.

எஸ்.எம்.எஸ். வந்திருந்தா இன்னும் சுலபம். அனுப்பினவர் பேர் இருக்குற இடத்துல நம்பருக்கு பதிலா சில எழுத்துங்க இருக்கும்ல, அதை ஹெடர்னு சொல்வாங்க, டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெப்சைட்ல அந்த ஹெடரை போட்டு தேடினா யார் பேர்ல பதிவாகி இருக்குன்னு காட்டும்.

கம்பெனி பேர் கிடைச்சதும் அவங்க வெப்சைட்டுக்கு போய் குறை தீர்க்கும் அதிகாரியோட மெயில் ஐ.டி.யை எடுங்க, நோடல் ஆபீசர், கிரீவன்ஸ் ஆபீசர்னு போட்டிருப்பாங்க. கஸ்டமர் கேர்ல சொன்னா அது காத்தோட போயிடும், மெயில் போட்டா பதிவு இருக்கும். பெரிய லெட்டர் எல்லாம் வேணாம், இவ்வளவு போதும்: "இந்த மொபைல் நம்பர் இந்தத் தேதியில் இருந்து என் பெயரில் உள்ளது. நீங்கள் தேடும் கார்த்திக் என்பவரை எனக்குத் தெரியாது. உங்கள் நிறுவனத்தில் எனக்கு எந்தக் கடனும் இல்லை, நான் யாருக்கும் ஜாமீனும் போடவில்லை. இந்த எண்ணை உங்கள் பதிவில் இருந்தும் ஏஜென்ஸிகளுக்குக் கொடுத்த பட்டியலில் இருந்தும் நீக்கி எனக்கு எழுத்தில் பதில் தரவும்." கூடவே போன் வந்த நம்பர், தேதி, நேரம் எல்லாம் தெரியுற மாதிரி கால் லிஸ்ட் ஸ்கிரீன்ஷாட். சிம் எந்தத் தேதில உங்க பேருக்கு வந்துச்சுன்னு கம்பெனி ஸ்டோர்ல கேட்டு அதையும் சேர்த்தா வாதாடவே இடம் இருக்காது.

ஒரு வரி மட்டும் கூட சேர்த்துக்கோங்க, அது நல்லா உறைக்கும். 2025 ஜனவரி 17ல ரிசர்வ் பேங்க் எல்லா பேங்குக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் சொல்லியிருக்கு, கைவிடப்பட்ட மொபைல் நம்பர் பட்டியல்னு அரசாங்கம் ஒண்ணு வச்சிருக்கு, அதைப் பார்த்து உங்க டேட்டாபேஸை சுத்தம் பண்ணுங்கன்னு. அதாவது உங்க நம்பரை எடுக்குறது அவங்க உங்களுக்கு பண்ற உபகாரம் இல்லம்மா, அவங்க பார்க்க வேண்டிய வேலை. அப்புறம் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை, வசூல் ஏஜெண்ட் எந்த ஒரு நபரையும் வார்த்தையாலயோ உடம்பாலயோ மிரட்டக் கூடாதுங்குது, கவனிங்க, கடன்காரரைன்னு மட்டும் இல்ல, எந்த ஒரு நபரையும். காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் வசூல் போன் பண்ணக் கூடாதுன்னும் அதுல தான் இருக்கு. குழுக் கடன் மாதிரி மைக்ரோ பைனான்ஸா இருந்தா இன்னும் இறுக்கம், காலை 9ல இருந்து சாயங்காலம் 6 வரைக்கும் தான்.

30 நாள் பாருங்க. பதில் இல்லைன்னா, இல்ல போன் நிக்கலைன்னா, ரிசர்வ் பேங்க்கோட சி.எம்.எஸ்.ங்கிற புகார் போர்ட்டல்ல ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது குறை தீர்க்க ரிசர்வ் பேங்க் வச்சிருக்குற அதிகாரிக்கு, புகார் போடலாம், காசு கட்ட வேண்டாம், வழி தெரியலைன்னா 14448க்கு போன் பண்ணி கேக்கலாம். ஆம்பட்ஸ்மேன் திட்டம் கஸ்டமரை மனசுல வச்சு எழுதினது, நீங்க கஸ்டமர் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டா சோர்ந்துடாதீங்க, அசிங்கமா பேசுற ஆளுக்கு போலீஸ் வழி இருக்கு. பொண்டாட்டி தானேன்னு கேட்டான் பாருங்க, அந்த மாதிரி பேச்சை ரெக்கார்ட் பண்ணி வைங்க. பொண்ணுங்களை அவமானப்படுத்துற மாதிரி பேசினா பாரதிய நியாய சன்ஹிதான்னு இப்ப இருக்குற குற்றவியல் சட்டத்துல 79வது பிரிவு இருக்கு, மிரட்டினா 351 இருக்கு. ஸ்டேஷன்ல உடனே எஃப்.ஐ.ஆர். போடலைன்னாலும் புகார் வாங்கிக்கிட்டதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம வெளில வராதீங்க, அந்த ரசீதை ஸ்கேன் பண்ணி கம்பெனிக்கு மெயில் போட்டீங்கன்னா அப்புறம் அவங்க பேசுற தோரணையே வேறயா இருக்கும்.

நம்பரை மாத்துறது? வேணாம். மாத்தினா வர்ற நம்பரும் எவரோ விட்டுட்டுப் போனதா இருக்கலாம், அதுல ஒரு சுரேஷ் இருப்பார். இன்னொண்ணு, புது சிம் வாங்கினப்ப ஒரு பழைய நம்பரை விட்டிருந்தீங்கன்னா, அது உங்க பேங்க் கணக்குல, ஆதார்ல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. உங்க ஓ.டி.பி. யாரோ ஒருத்தர் போனுக்கு போயிட்டு இருக்கப் போகுது.

ஐயா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் நான். என் மச்சினர் மகன் பைக் லோனும் பர்சனல் லோனும் வாங்கி கட்டவில்லை. என் நம்பரைக் கொடுத்திருக்கிறான். நீங்கதான் ஜாமீன், பென்ஷன் கணக்கை முடக்குவோம் என்கிறார்கள். நான் எங்கும் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை. – வாசகர், மதுரை

ஐயா, பையன் உங்களை ரெபரன்ஸா போட்டிருக்கான். ரெபரன்ஸ் வேற, ஜாமீன் வேற. ரெபரன்ஸ்னா இவரைக் கேட்டா என்னைப் பத்தி சொல்வார்னு ஒரு பேரும் நம்பரும், அவ்வளவுதான், உங்களைக் கேக்காமலே எழுதிடலாம், அதுக்கு பைசா பொறுப்பு கிடையாது. ஜாமீன் போட்டவர் நிலைமை அப்படி இல்ல, 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவுப்படி கடன் வாங்கினவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு, அவனை விட்டுட்டு நேரா இவர்கிட்டயே வந்து கேக்கலாம். அதனால "ஜாமீன்"ங்கிற வார்த்தையை அவங்க சொன்னதும் நீங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, நான் கையெழுத்து போட்ட ஜாமீன் பத்திரத்தோட நகலை அனுப்புங்க. இருந்தா அனுப்புவாங்க. இல்லைன்னா பேச்சை மாத்துவாங்க.

நினைவில்லைன்னு எழுதியிருக்கீங்க, அந்த வார்த்தை தான் எனக்கு இடிக்குது. குடும்பத்துல ஒரு பையன் பேப்பரை நீட்டி "மாமா இங்க ஒரு சைன்"னு கேட்டா படிக்காம போடுறவங்க தான் நம்மள்ல அதிகம். அதனால உங்க பேர்ல இருக்குற கடனை எல்லாம் காட்டுற கிரெடிட் ரிப்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா குடுக்கணும். நீங்க ஜாமீன்னு பதிவாகி இருந்தா அதுல ஜாமீன்தாரர்னு காட்டும். காட்டலைன்னா நிம்மதியா தூங்குங்க. பென்ஷன் முடக்குறதுங்குறது வெறும் பூச்சாண்டி, போன் பண்றவனால ஒரு கணக்கையும் முடக்க முடியாது, தவிர பென்ஷனை கோர்ட் ஜப்தியில இருந்தே சிவில் நடைமுறைச் சட்டம் 60வது பிரிவு காப்பாத்தி வச்சிருக்கு. அரசு பென்ஷனுக்கு அது நிச்சயம்.

பையன் வீட்டு அட்ரஸ் கேப்பாங்க, வேலை பார்க்குற இடம் கேப்பாங்க. சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்ல. அதுக்காக பையனை சும்மா விடவும் வேணாம், வீட்டுக்கு கூப்பிட்டு எதிர்ல உக்கார வச்சு அவன் போன்ல இருந்தே பேங்குக்கு பேச வைங்க, "என்கிட்ட நேரா பேசுங்க, என் மாமாவை கூப்பிடாதீங்க"ன்னு அவனே மெயில் போடட்டும். மச்சினர் வருத்தப்படுவார்னு பார்த்தீங்கன்னா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு போன் எடுத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

வாடகை வீடு. எங்களுக்கு முன்னாடி இருந்தவர் ஏதோ பைனான்ஸ்ல வாங்கிட்டு காலி பண்ணிட்டு போயிட்டார். போன் இல்லை சார், ஆளே வர்றாங்க. போன வாரம் ரெண்டு பேர் வந்து வாசல்ல நின்ன என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துட்டு போவேன்னு கேட்டை பிடிச்சு உலுக்குறாங்க. அக்கம்பக்கத்துல எல்லாரும் நாங்க தான் கடன்காரங்கன்னு பேசுறாங்க. – வாசகி, ஓசூர்

பைக்கை தொட முடியாது. வண்டி மேல லோன் இருந்தா அந்த வண்டி நம்பர், எஞ்சின் நம்பர் அவங்க பேப்பர்ல இருக்கும், உங்க வீட்டுக்காரர் பேர்ல ஆர்.சி. இருக்குற வண்டியை யாரோ ஒருத்தர் கடனுக்கு எடுத்துட்டுப் போறது வசூல் இல்ல, திருட்டு.

வந்தா கேட்டை திறக்காதீங்க. உள்ள இருந்தே ஐ.டி. கார்டும், அந்த கம்பெனி குடுத்த அதிகாரக் கடிதமும் காட்டச் சொல்லுங்க, வசூலுக்கு வர்ற ஏஜெண்ட் அந்தக் கடிதத்தை கையில வச்சிருக்கணும்ங்கிறது ரிசர்வ் பேங்க் விதி. காட்டினா போனை வச்சு போட்டோ எடுத்துக்கோங்க. காட்டலைன்னா 100க்கோ 112க்கோ அடிச்சிடுங்க, அவங்க காதுல விழுற மாதிரியே அடிங்க. உங்க வாடகை ஒப்பந்தத்துல பேரும் தேதியும் இருக்குற முதல் பக்கத்தை மட்டும் காட்டலாம், காப்பி எல்லாம் குடுக்காதீங்க. வீட்டு ஓனரையும் ஒரு தடவை பேச வைங்க, பழைய குடித்தனக்காரர் எந்த மாசம் காலி பண்ணினார்னு ஓனர் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு குடுத்தா அதை கம்பெனிக்கு அனுப்பிடலாம், திருப்பூர் அம்மாவுக்கு சொன்ன அதே மெயில் தான், நம்பருக்கு பதிலா அட்ரஸ்.

அவர் பேருக்கு தபால் வந்தா வாங்கி வைக்காதீங்க, பிரிக்கவும் வேணாம். இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைன்னு எழுதி போஸ்ட்மேன்கிட்டயே திருப்பிடுங்க. வக்கீல் நோட்டீஸை எல்லாம் நீங்க கையெழுத்து போட்டு வாங்கினா அந்த ஆள் அந்த அட்ரஸ்ல தான் இருக்கார்னு அவங்க கணக்குல எழுதிக்குவாங்க.

பேங்க் இல்லாம வட்டிக்கு விடுற ஆளுங்கன்னா, தமிழ்நாட்டுல 2025ல ஒரு சட்டம் வந்திருக்கு, கடன் வாங்கினவரையோ அவர் குடும்பத்தையோ மிரட்டி கட்டாயப்படுத்தி வசூல் பண்ணினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம். கடன் வாங்கின ஆளுக்கே அந்தப் பாதுகாப்பு இருக்கும்போது உங்க கேட்டை உலுக்க அவனுக்கு என்ன வேலை. அக்கம்பக்கம் பேசுறதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா, போலீஸ் ஒரு தடவை வந்துட்டுப் போனா அவங்களே கதையை மாத்திப் பேசுவாங்க.

அண்ணா, என் ஹாஸ்டல் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஏதோ ஆப்ல 4000 ரூபாய் லோன் எடுத்தான். அவன் கான்டாக்ட்ல இருக்குற எங்க எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அவன் போட்டோ போட்டு திருடன்னு அனுப்புறாங்க, இப்ப என் டி.பி.யையும் எடுத்து அசிங்கமா எடிட் பண்ணி அனுப்பிட்டு நீ கட்டு இல்லன்னா உன் காலேஜ் குரூப்ல போடுவேன்றான். ஃப்ரெண்ட் போனை ஆஃப் பண்ணிட்டான். – வாசகர், சென்னை

தம்பி, முதல்ல உன் ஃப்ரெண்டை நேர்ல போய் பாரு. போனை ஆஃப் பண்ணிட்டான்னு கோவப்படாத, இந்த மாதிரி ஆப் தொல்லைல உயிரை விட்டவங்க இருக்காங்க. ரூம்ல தனியா விடாதீங்க. அவன் வீட்டுல விஷயத்தை சொல்ற வரைக்கும் யாராவது கூட இருங்க.

அடுத்தது, ஒரு ரூபாய் கட்டாத. இது மேல சொன்ன மூணு பேர் கேஸ் மாதிரி இல்ல, அங்க ஒரு முறையான கம்பெனி இருக்கு, எழுதினா பதில் சொல்ல ஒரு ஆபீஸ் இருக்கு. இங்க இருக்குறது பறிக்கிற கும்பல், மெயில் ஐ.டி. தேடிட்டு இருக்காத. டிஜிட்டல் லோன் ஆப் எதுவும் போன்ல இருக்குற கான்டாக்ட், கால் லிஸ்ட், போட்டோவை எல்லாம் எடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லிடுச்சு, பிளே ஸ்டோர்லயும் 2023ல இருந்து லோன் ஆப்புக்கு கான்டாக்ட், போட்டோ பக்கம் போற அனுமதி கிடையாது. அதனால கான்டாக்ட்டை உருவி எடுத்த ஆப்னாலே அது சட்டத்துக்கு வெளில இருக்குறதுன்னு வச்சுக்கலாம். முறையான ஆப் எது எதுன்னு ரிசர்வ் பேங்க் வெப்சைட்லயே பட்டியல் இருக்கு, அதுல இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

அந்த எடிட் பண்ணின படம், மிரட்டின மெசேஜ், நம்பர், பணம் கேட்ட யு.பி.ஐ. ஐ.டி., எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறம் தான் பிளாக் பண்ணணும், அவசரத்துல முதல்லயே டெலீட் பண்ணிடாத. சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போடு, ஏற்கெனவே யாராவது பணம் அனுப்பியிருந்தா 1930க்கு உடனே போன் பண்ணணும், பணம் போன சூட்டோட பண்ணினா நிறுத்தி வைக்க வாய்ப்பு ஜாஸ்தி. காலேஜ் குரூப்ல அவன் போடுறதுக்கு முன்னாடி நீயே போட்டுடு, லோன் ஆப் கும்பல் என் போட்டோவை எடிட் பண்ணி அனுப்பினா நம்பாதீங்க, எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க புகார்ல சேர்க்கணும்னு. வெட்கமா இருக்கும் தான், ஆனா அவன் கையில இருக்குற ஒரே ஆயுதம் உன் பயம், அதுக்கு அப்புறம் அவன்கிட்ட ஒண்ணும் இல்ல.

அப்பா போன மாசம் தவறிட்டார். அவர் கிரெடிட் கார்டு பாக்கி ஒண்ணரை லட்சத்துக்கு அம்மாவுக்கு தினமும் போன். பிள்ளைங்க தான் கட்டணும்னு சொல்றாங்க. – வாசகி, நாகர்கோவில்

ஆழ்ந்த அனுதாபம்மா. கட்டணும்னு அவங்க சொல்றது பாதி உண்மை. அப்பா விட்டுட்டுப் போன சொத்து, டெபாசிட் ஏதாவது உங்க கைக்கு வந்திருந்தா அந்த மதிப்பு வரைக்கும் தான் வாரிசுங்க பொறுப்பு, உங்க சம்பளத்துல இருந்தோ அம்மாவோட சொந்த நகையில இருந்தோ கட்ட வேண்டியதில்ல. அம்மாவும் சேர்ந்து கையெழுத்து போட்ட கடனா இருந்தா கதை வேற, கிரெடிட் கார்டுல பெரும்பாலும் அப்படி இருக்காது. இறப்புச் சான்றிதழ் நகலோட பேங்குக்கு எழுதிக் குடுங்க, அந்தத் தேதிக்கு மேல வட்டியும் லேட் ஃபீஸும் போடாதீங்கன்னு கேளுங்க, கார்டோட இன்சூரன்ஸ் ஏதாவது இருந்துச்சான்னும் கேளுங்க, இருக்குறது நிறைய குடும்பத்துக்கு தெரியறதே இல்ல. அப்புறம் பேசுறதுக்கு உங்க நம்பரை குடுத்துட்டு அம்மா நம்பரை எடுக்கச் சொல்லிடுங்க. பாவம்னு நினைச்சு ஒரு தவணை கட்டிடாதீங்க, சொத்து கணக்கு தெளிவாகட்டும்.

நான் இன்ஸ்பெக்டர் பேசுறேன்னு சொல்லுவேன் சார், அதோட போனை வச்சிடுவானுங்க. உங்க வாசகர்களுக்கும் இந்த டெக்னிக்கை சொல்லுங்க. – வாசகர், கோவை

சொல்ல மாட்டேன். போலீஸ்னு வேஷம் போட்டு ஒருத்தரை அதட்டினா பாரதிய நியாய சன்ஹிதா 204வது பிரிவு பக்கத்துல போய் நிப்பீங்க, அவனும் ரெக்கார்ட் பண்றான்ங்கிறதை மறந்துடாதீங்க. அடுத்தவன் கடனுக்கு நீங்க ஏன் சார் கேஸ் வாங்கணும்.

போன் வந்தது, ராங் நம்பர்னு வச்சிட்டேன். அப்புறம் சந்தேகத்துல சிபில் எடுத்தா என் பான் நம்பர்ல நான் வாங்காத லோன் ஒண்ணு இருக்கு! – வாசகர், தஞ்சாவூர்

நல்ல வேளை எடுத்துப் பார்த்தீங்க. இது ராங் நம்பர் இல்ல, உங்க பேர்லயே நடந்திருக்குற வேலை, இல்ல பேர் குழப்பத்துல வேற ஒருத்தர் கடன் உங்க பக்கம் ஏறியிருக்கு. ரிப்போர்ட் குடுத்த கம்பெனி வெப்சைட்ல டிஸ்ப்யூட் போடுங்க, கடன் குடுத்த கம்பெனிக்கும் தனியா எழுதி லோன் விண்ணப்பம், அதுக்கு குடுத்த அடையாள ஆவணம் (கே.ஒய்.சி.) நகல், பணம் எந்த பேங்க் கணக்குக்கு போச்சுங்கிற விவரம் மூணும் கேளுங்க, கடைசியா சொன்னது தான் ரொம்ப முக்கியம், பணம் போன கணக்கு யாரோடதுன்னு தெரிஞ்சா பாதி கேஸ் முடிஞ்சுது. 30 நாளைக்குள்ள சரி பண்ணணும், தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு குடுக்கணும்னு விதி இருக்கு. போலி கையெழுத்துன்னு தெரிஞ்சா சைபர் கிரைம் புகாரும் போட்டுடுங்க. அப்படியே டெலிகாம் துறையோட சஞ்சார் சாத்தி போர்ட்டல்ல உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு பாருங்க, உங்களுக்கு தெரியாத நம்பர் இருந்தா அங்கேயே என்னோடது இல்லைன்னு சொல்லலாம். மத்தவங்களுக்கும் இது பொருந்தும், ராங் நம்பர் போன் அடிக்கடி வந்தா ஒரு தடவை ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் ராங் நம்பர்னு சொல்லுங்க.

சார் நான் கலெக்ஷன் டெலிகாலர். உங்க பக்கத்துல போன தடவை எங்களை திட்டியே எழுதியிருந்தீங்க. எங்களுக்கும் டார்கெட் இருக்கு. ராங் நம்பர்னு மார்க் பண்ண ஆப்ஷன் இருக்கு, ஆனா ஜாஸ்தி மார்க் பண்ணினா எங்க டீம் லீடர் (டி.எல்.) "டயல் பண்ணாமலே மார்க் பண்றியா"ன்னு கேக்குறார். நிஜமா ராங் நம்பரா, ஏமாத்துறாங்களான்னு நாங்க எப்படி கண்டுபிடிக்கிறது? மாசம் 14000 சம்பளத்துக்கு நாள் முழுக்க கெட்ட வார்த்தை கேக்குறோம். – பேர் வேண்டாம், சென்னை

வந்த கடிதத்துலயே நான் திரும்பத் திரும்ப படிச்சது இது தான். நான் இவ்வளவு நேரம் மேல எழுதினதை நீங்க ரெண்டே வரில சொல்லிட்டீங்க, நம்பர் ஏன் போக மாட்டேங்குதுன்னா மார்க் பண்றவனுக்கு கெட்ட பேர், அதனால.

கண்டுபிடிக்கிறது உங்க வேலை இல்ல தம்பி. பேங்க்கிட்ட கைவிடப்பட்ட நம்பர் பட்டியல் இருக்கு, கடன்காரரோட அட்ரஸ், ஆபீஸ், இன்னொரு போன், ஜாமீன்தாரர் எல்லாம் இருக்கு, உங்க கையில இருக்குறது ஒரு பேரும் நம்பரும் பாக்கித் தொகையும் தான். ஒரு பொண்ணு எடுத்து ராங் நம்பர்னு சொன்னா, "சரிங்க, மார்க் பண்ணிக்கிறேன், எழுத்துல குடுக்கணும்னா இந்த மெயிலுக்கு அனுப்புங்க"ன்னு பேங்க் மெயில் ஐ.டி.யை சொல்லுங்க, நிஜமாவே ராங் நம்பரா இருந்தா அனுப்புவாங்க. அந்தக் கணக்கோட பாக்கி எவ்வளவுன்னு மட்டும் அவங்ககிட்ட வாயைத் திறந்துடாதீங்க, ஒருத்தர் கடனை இன்னொருத்தர்கிட்ட சொல்றது நாளைக்கு உங்க தலைல தான் விடியும், ஏஜென்ஸி "அந்தப் பையன் தனியா பேசினான்"னு கைகழுவிடும்.

டி.எல். வாயால சொல்றதை எல்லாம் ஒரு மெயில்ல கேளுங்க, "ராங் நம்பர்னு சொன்னவங்களை மறுபடி கூப்பிடச் சொல்றீங்க, சரியா"ன்னு ஒரே ஒரு வரி. பாதி டி.எல். பதில் போட மாட்டார், போடலைன்னா நீங்க மார்க் பண்ணினதையும் கேக்க மாட்டார். அப்புறம் வசூல் ஏஜெண்ட்டுக்கு ஐ.ஐ.பி.எஃப்.ங்கிற பேங்கிங் பயிற்சி நிறுவனம் நடத்துற டி.ஆர்.ஏ. (கடன் வசூல் ஏஜெண்ட்) பயிற்சியும் பரிட்சையும் இருக்கு, உங்க ஏஜென்ஸி உங்களை அதை முடிக்க வச்சுதா? இல்லைன்னா கேளுங்க. அந்த சர்டிஃபிகேட் உங்க பேர்ல தான் வரும், ஏஜென்ஸி மாறினாலும் கூட வரும், பேங்க்லயே வசூல் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது அதைத்தான் முதல்ல கேப்பாங்க.